கண்ணாடி வழுக்கி போகும் வழி

மூன்று அங்குல நீளம், ஓர் அங்குல அகலம், ஒரு மில்லிமீற்றர் அளவு தடிப்பு. இதன் நீளமும் அகலமும் 1839இல் இலண்டனில் தொடங்கிய நுணுக்குக்காட்டிச் சங்கம் வகுத்தவை. இன்றும் உலகெங்கும் இதே அளவுதான். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வெங்காயத் தோலை வைத்துப் பார்த்தோமே, அதே கண்ணாடி வழுக்கி. யாழ்ப்பாணத்துச் சுகவனிதையர் கிளினிக் ஒன்றின் மேசையில் அது இருக்கும்போது அதன் ஒரு முனை மட்டும் தேய்த்து மங்கலாக்கப்பட்டிருக்கும். அந்த மங்கலான இடத்தில் பெண்ணின் பெயரையும் இலக்கத்தையும் எழுதுவார்கள். பென்சிலால்தான் எழுதுவார்கள். பேனை மை மதுசாரத்தில் கரைந்துவிடும், பென்சில் எழுத்துக் கரையாது. அந்தப் பெயர் அழிந்தால் அதன்பிறகு எத்தனை பேர் எவ்வளவு கவனமாக வேலை செய்தாலும் அது எந்தப் பெண்ணுக்கும் உதவாது.

கருப்பைக் கழுத்துப் புற்றின் முன்அறிகுறிகளைத் தேடும் பாப் பரிசோதனைக்கு முதன்முறை போகிற பெண்ணிடம் எல்லாரும் கட்டிலில் படுக்கும் சில நிமிடங்களைப் பற்றியே பேசுகிறார்கள். நோகுமா, வெட்கமா இருக்குமா, ஆர் பார்ப்பினம். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் வழுக்கிக்கு அந்தச் சில நிமிடங்கள் தொடக்கம் மட்டுமே. அது ஆய்வுகூடம் போய், ஒருவர் கண்ணால் பார்த்து, விடை அதே பெண்ணின் கைக்குத் திரும்பி வந்தால்தான் பரிசோதனை முடிந்தது. போகும் வழிக்கு ஆயத்தமாகிற பெண் திரும்பி வரும் வழிக்கும் ஆயத்தமாக வேண்டும். இதை நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

வழுக்கி மேசைக்கு வருவதற்கு முன்னரே பயணம் தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் ஒழுங்கைக்குள் ஸ்கூட்டியில் வருகிற குடும்பநல உத்தியோகத்தரே அதைத் தொடங்கி வைக்கிறார். தன் பிரிவில் எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு இந்த வருடம் 35 வயது, எவருக்கு 45 என்பது அவருடைய பதிவில் இருக்கும். இலங்கையில் அரச சுகாதார சேவை முதலில் தேடி அழைப்பது இந்த இரண்டு வயதினரைத்தான்.

“தங்கச்சி, உமக்கு இந்த வருசம் முப்பத்தைஞ்சு எல்லோ. கிளினிக்குக்கு ஒருக்கா வாரும்.”

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே மிஸ்.”

“வருத்தம் இல்லாத நேரத்திலைதான் இதைப் பார்க்கோணும்.”

இந்த மூன்று வரி உரையாடல் குடாநாட்டில் எத்தனை படலைகளில் நடந்திருக்கும்! அதற்குப் பிறகு வருகிற அறிவுரைகள் சின்னவை, ஆனால் வழுக்கியின் தலையெழுத்து அவற்றில்தான் இருக்கிறது. மாதவிடாய் நாட்களில் வர வேண்டாம். இரத்தம் கலந்தால் கலங்கள் மறைந்துவிடும். மாதவிடாய் தொடங்கிய பத்தாம் நாளுக்கும் இருபதாம் நாளுக்கும் இடைப்பட்ட ஒரு நாள் நல்லது. வருவதற்கு முந்தைய இரண்டு நாளும் உடலுறவு வேண்டாம், உள்ளே வைக்கும் மருந்தோ கிறீமோ வேண்டாம், உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவவும் வேண்டாம். சுத்தமாகப் போக வேண்டுமே என்று உள்ளே கழுவிவிட்டு வருகிற பெண்கள் எந்தக் கலங்களைத் தேடப் போகிறோமோ அவற்றையே கழுவிவிட்டு வருகிறார்கள். வெளியே வழமையாகக் குளிப்பது போதும். இடுப்புக்குக் கீழே மட்டும் இலகுவாக விலக்கக்கூடிய உடுப்பு, பாவாடை சட்டையோ சேலையோ, சௌகரியம். கட்டிலில் ஏறுமுன் சலம் கழித்துவிட்டால் வயிற்றில் அழுத்தம் இராது. கடைசி மாதவிடாய் தொடங்கிய திகதியை எழுதிக்கொண்டு போங்கள். கட்டாயம் கேட்பார்கள், பதற்றத்தில் மறந்துவிடும்.

கிளினிக்கில் வழுக்கியின் முறை வருவதற்குள் வேறு பல நடக்கும். நிறை, உயரம், குருதி அமுக்கம், நீரிழிவுச் சோதனை, கழுத்தில் தைரோயிட் சுரப்பி, மார்பகப் பரிசோதனை. மார்பகத்தைத் தானே தடவிப் பார்க்கும் முறையையும் சொல்லித் தருவார்கள். காசு ஒரு சதமும் இல்லை. இதை நான் ஒரு பெரிய சொத்தாகவே பார்க்கிறேன். வீட்டில் எல்லாருடைய மருந்துக்கும் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணை, அவளுக்காகவே ஒரு காலைநேரம் உட்கார வைத்து விசாரிக்கிற இடம் இது.

பிறகு திரைக்குப் பின்னால் உள்ள கட்டில். மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து விலக்க வேண்டும், மேலே துணி போர்த்தியிருக்கும். ஸ்பெகுலம் என்கிற இரண்டு இதழ் கொண்ட கருவி யோனியின் சுவர்களை விலக்கிப் பிடிக்கும். குளிர்வதும் அழுத்துவதும் தெரியும். மூச்சை அடக்கினால் தசை இறுகும், வாயால் மெதுவாக மூச்சை விட்டால் இளகும். நோகிறது என்றால் சொல்லலாம், நிறுத்தச் சொல்லலாம், பெண் உத்தியோகத்தர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். கேட்பது மரியாதைக்குறைவு அல்ல. உள்ளே கருப்பைக் கழுத்துத் தெரிந்ததும் ஒரு சின்ன மரக் கரண்டி வரும். கனடா மருத்துவர் ஏர்னஸ்ட் அயர் 1947இல் அறிமுகப்படுத்திய வடிவம் அது. ஒரு முனை கழுத்தின் வாயில் பொருந்துகிற மாதிரிச் செதுக்கப்பட்டது. அதை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவார்கள். வெட்டுவதில்லை, தைப்பதில்லை, ஊசி இல்லை. பிறகு ஒரு நாள் சொட்டாக இரத்தம் படலாம், அவ்வளவுதான்.

கரண்டியில் ஒட்டியதை வழுக்கியில் ஒரே இழுப்பாகப் பூசி, உடனே, எண்ணி ஐந்துக்குள், 95 வீத எதைல் மதுசாரத்தில் அமிழ்த்த வேண்டும். முழுப் பயணத்திலும் இதைவிட ஆபத்தான கணம் இல்லை. காற்றுப் பட்டுக் காய்ந்தால் கலங்கள் உப்பித் தட்டையாகி, மழையில் நனைந்த கடிதத்தின் எழுத்துப்போலக் கலங்கிவிடும். யாழ்ப்பாணத்துச் சோளகக் காற்றுக் காலத்தில் மின்விசிறி சுழல, யன்னல் திறந்த அறையில் இதைச் செய்கிற ஒரு தாதியின் கை எவ்வளவு விரைவாக இருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். பரிசோதனையின் தரம் பெரிய இயந்திரங்களில் இருப்பதாக நாம் எண்ணுகிறோம். அதில் பாதி இந்தக் கையில் இருக்கிறது.

இந்தப் பூச்சின் பின்னால் இன்னொரு பெண் இருக்கிறாள். ‘பாப்’ என்ற பெயருக்குரிய ஜோர்ஜ் பாப்பனிக்கொலோ 1883இல் கிரேக்கத்தின் கிமி என்னும் ஊரில் பிறந்தவர். 1913இல் மனைவி மேரியோடு நியூயோர்க் வந்து இறங்கினார். அவர் கடையில் கம்பளம் விற்றார், மனைவி பொத்தான் தைத்தார். பின்னர் கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் வேலை கிடைத்தது. முதலில் கினிப் பன்றிகளின் யோனிக் கலங்களைப் பூசிப் பார்த்தார். மனிதக் கலங்களுக்கு வந்தபோது, இருபது ஆண்டுக்கு மேலாகத் தன் மாதிரியைத் தந்துகொண்டிருந்தவர் மேரி. புற்றுநோய்க் கலங்களைப் பூச்சிலேயே அடையாளம் காணலாம் என்று 1928இல் பாப்பனிக்கொலோ சொன்னபோது மருத்துவ உலகம் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. 1943இல் ஹேர்பேர்ட் டிராட் என்கிற மகப்பேற்று மருத்துவரோடு சேர்ந்து நூலாக வெளியிட்ட பிறகே அசைந்தது. பரிசோதனைக்குப் பெயர் கணவனுடையது. அதைத் தாங்கிய உடம்பு மேரியுடையது. முதன்முறை கட்டிலில் ஏறத் தயங்கும் ஒரு பெண் மேரியை ஒருதரம் நினைக்கலாம்.

இனி வழுக்கி வீதிக்கு வருகிறது. வடமராட்சி கிழக்கில் மருதங்கேணிப் பக்கம் எடுத்ததென்றால் மணல் ஊர்களைக் கடந்து வர வேண்டும். நெடுந்தீவில் எடுத்ததென்று வைத்துக்கொள்வோம்: மாவிலித்துறையில் படகேறி, ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கடலில் வந்து, குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவையும் வேலணையையும் தாண்டி, பண்ணைப் பாலத்தால் நகருக்குள் நுழைய வேண்டும். காற்றுக் கடுமையான நாளில் படகு ஓடாது, வழுக்கியும் காத்திருக்கும். மதுசாரத்தில் நிலைப்படுத்திய பூச்சுக்கு அந்தக் காத்திருப்புப் பெரிய கேடில்லை. காத்திருப்பின் பாரம் தீவில் இருக்கிற பெண்ணின் நெஞ்சில்தான்.

வழி நீளமானது இது முதல் தடவை அல்ல. 1994இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை மாநாட்டைத் தொடர்ந்து இலங்கை சுகவனிதையர் கிளினிக் திட்டத்தை 1996இல் தொடங்கியது. அந்த 1996இல் யாழ்ப்பாணப் பெண்கள் எங்கே இருந்தார்கள்? 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போரால் வலிகாமம் முழுவதும் எழுந்து செம்மணி வழியாக நடந்தது. மழைக்குள் தென்மராட்சியிலும் வன்னியிலும் மரங்களின் கீழே கிடந்தவர்கள் பலர் 1996 சித்திரை, வைகாசியில்தான் வீடு திரும்பினார்கள். வலிகாமம் வடக்கில் 1990இலேயே பெயர்ந்தவர்களுக்கு அப்போதும் வீடு இல்லை. அந்த வருடம் 35 வயதாயிருந்த ஒரு பெண்ணிடம் பாப் பரிசோதனையைப் பற்றிப் பேசக்கூடிய நிலை இருக்கவில்லை. பிறகும் குடாநாட்டுக்கான பாதை மூடப்பட்டது, திறக்கப்பட்டது, மறுபடி மூடப்பட்டது. அவர்கள் இன்று அறுபதைத் தாண்டிய அம்மம்மாக்கள். 35, 45 என்கிற அழைப்பு அவர்களைத் தேடி வருவதில்லை. மாதவிடாய் நின்று வருடக்கணக்கான பிறகு ஒரு துளி இரத்தம் கண்டாலும், “வயசு போனா அப்பிடித்தான்” என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி அல்ல. அந்தத் துளியை எந்த வயதிலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். உடலுறவுக்குப் பின் இரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளை படுதல் என்பவையும் அப்படியே. இந்தக் கட்டுரையை வாசிக்கிற மகள்மார் தங்கள் தாய்மாரிடம் கேளுங்கள். தாய் தானாக வந்து சொல்ல மாட்டார்.

குடாநாட்டுப் பெண்களுக்கு மருத்துவப் பரிசோதனை புதிதல்ல. இணுவிலில் மக்லியட் வைத்தியசாலை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென 1898இல் தொடங்கியது. நாலைந்து தலைமுறைத் தாய்மார் பிரசவத்துக்காகப் பெண் மருத்துவர்களிடம் தங்கள் உடம்பை ஒப்படைத்திருக்கிறார்கள். பிள்ளைக்காகக் கூச்சத்தை ஒதுக்கிய அதே பெண் தனக்காக மட்டும் என்று வரும்போது பின்வாங்குகிறாள். இந்த இடம்தான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

நோயியல் ஆய்வுகூடத்தில் வழுக்கி நிறம் பெறுகிறது. மெக்சிக்கோவின் கம்பெச்சே பகுதியில் வளர்கிற ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுக்கும் ஹேமற்றொக்சிலின் என்னும் சாயம் கலங்களின் கருவைக் கருநீலமாக்கும். அடுத்து வரும் சாயங்கள் முதிர்ந்த மேற்பரப்புக் கலங்களை இளஞ்சிவப்பாகவும் செம்மஞ்சளாகவும், இளைய கலங்களை நீலப்பச்சையாகவும் ஆக்கும். மேலே மெல்லிய மூடிக்கண்ணாடி ஒட்டப்படும். பிறகு ஒருவர் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து, வழுக்கியை ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை, ஒரு பார்வைவட்டம் அடுத்ததைத் தொட்டுக்கொண்டு போகும்படி நகர்த்திப் பார்க்கிறார். பல்லாயிரம் கலங்கள். சந்தேகமான இடத்தின் அருகே மையால் ஒரு புள்ளி வைப்பார், அந்தப் புள்ளியை நோயியல் வைத்திய நிபுணர் மறுபடி பார்ப்பார். அவர்களுக்கு அங்கே ஒரு பெயரும் இலக்கமும் கலங்களும் மட்டுமே தெரியும். “ஊருக்குள்ளை தெரிஞ்ச ஆக்கள் பார்ப்பினமோ” என்று அஞ்சுகிற பெண்ணுக்கு இதைச் சொல்ல வேண்டும்: அந்தக் கண்ணாடியில் முகம் இல்லை, குலம் இல்லை, வாழ்க்கைக் கதையும் இல்லை.

தேடுவது என்ன? கரு அளவுக்கு மீறிப் பெருத்த, கறுத்த, விளிம்பு கோணிய கலங்கள். அப்படி மாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் மனிதப் பப்பிலோமா வைரசு. ஜேர்மானியரான ஹெரால்ட் ட்சூர் ஹவுசனின் குழு 1983இல் இதன் 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டில் 18ஆம் வகையையும் கருப்பைக் கழுத்துப் புற்றிலிருந்து பிரித்துக் காட்டியது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த இரண்டு வகைகளும் சேர்ந்து உலகில் கருப்பைக் கழுத்துப் புற்றின் ஏறத்தாழ 70 வீதத்துக்குக் காரணம். உடலுறவு கொண்டவர்களில் அநேகமாக எல்லாரும் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த வைரசு வகைகளில் ஒன்றைச் சந்திக்கிறார்கள். பெரும்பாலானவர்களின் உடம்பு அதை ஓரிரு வருடத்தில் தானாகவே அகற்றிவிடும். சிலரில் தங்கிவிடும், தங்கியதும் வழமையாகப் பதினைந்து இருபது வருடம் எடுத்தே புற்றாகும். ஒரு வழுக்கியில் மாற்றம் தெரிந்தால் அது அந்தப் பெண்ணின் ஒழுக்கத்துக்கோ கணவனின் ஒழுக்கத்துக்கோ சாட்சிப்பத்திரம் அல்ல. எப்போதோ வந்த தொற்று இப்போது தலைகாட்டலாம். அந்தப் பதினைந்து இருபது வருடந்தான் நமக்குத் தரப்பட்டிருக்கிற அவகாசம்.

இப்போது திரும்பும் வழி. வழுக்கி ஆய்வுகூடத்திலேயே தங்கிவிடும். ஒரு தாள் மட்டும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வரும். “ஏதும் இருந்தாச் சொல்லுவினம்தானே” என்பதுதான் நம்மவர்களின் நம்பிக்கை. சொல்லத்தான் முயல்வார்கள். ஆனால் போன் இலக்கம் மாறியிருக்கும். வீடு மாறியிருக்கும். கணவனிடம் போக வெளிநாட்டுக்குப் பறந்திருப்பார், அல்லது பிள்ளையின் படிப்புக்காகக் கொழும்பில் இருப்பார். ஆகவே எப்போது விடை வரும் என்று அன்றே கேளுங்கள், கிளினிக்கின் இலக்கத்தை வாங்குங்கள், நிச்சயம் எடுக்கிற ஒரு போன் இலக்கத்தைக் கொடுங்கள், சொன்ன நாளில் நீங்களே கேளுங்கள். தாளைக் கையில் வாங்கிக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள்.

தாளில் இருக்கக்கூடியவை சில. மாற்றம் இல்லை என்றால் அடுத்த அழைப்பு வரை நிம்மதி. ஆனாலும் ஒரு பூச்சு எல்லாவற்றையும் பிடித்துவிடாது, இடையில் இரத்தம் கண்டால் பழைய தாளை நம்பி இருக்கக் கூடாது. அழற்சி அல்லது தொற்று என்று இருந்தால் அதற்கு மருந்து. மாதிரி போதாது என்று வந்தால் இன்னொருமுறை எடுக்க வேண்டும். பெண்கள் மனம் சோர்ந்து கைவிடுகிற இடம் இது, கைவிடாதீர்கள். மாறிய கலங்கள் என்று வந்தால், அது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. கொல்போஸ்கோப் என்கிற உருப்பெருக்கிக் கருவியால் கருப்பைக் கழுத்தை நேரே பார்ப்பார்கள். ஐதான அசற்றிக்கமிலத்தைத் தடவுவார்கள்; வினாகிரியில் இருப்பதும் அதுதான். மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். சிறு இழையம் எடுத்துச் சோதிப்பார்கள், தேவையென்றால் அந்த இடத்தை மட்டும் மின்கம்பி வளையத்தால் சீவி எடுப்பார்கள். கருப்பை அதனிடத்தில் இருக்கும். புற்று இன்னும் தொடங்காத நிலையிலேயே அதன் வழி அடைக்கப்பட்டுவிடும்.

சிலருக்கு அந்த எல்லை தாண்டியிருக்கும். அவர்களுக்குத் தெல்லிப்பழை இருக்கிறது. 2011இல் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்து வந்தவர்கள் திரட்டிய நிதியில் அங்கே எழுந்தது டிரெயில் புற்றுநோய் வைத்தியசாலை. தெற்கின் கிராமங்களில் பிள்ளைகள் உண்டியல் உடைத்துக் கொடுத்த காசும் அதில் இருக்கிறது. அந்த நடையை நான் நன்றியோடு நினைக்கிறேன். மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவு பஸ்ஸில் போய்வந்த நோயாளிகளைத் தெரிந்த எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் வழுக்கி நேரத்துக்குப் போய் நேரத்துக்குத் திரும்பினால் அந்த வாசலுக்குப் போகத் தேவையிராத பெண்கள் பலர்.

வழுக்கி இனி எங்கும் போவதில்லை. ஆய்வுகூடத்தின் பெட்டியில் தன் இலக்கத்தோடு இருக்கும். அந்தப் பெண்ணின் அடுத்த பூச்சில் சந்தேகம் வந்தால் பழையதை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். முதல் வழுக்கியின் மதிப்பு இரண்டாவதால் கூடுகிறது.

மெல்ல மெல்ல இதன் இடத்துக்கு வேறொன்று வருகிறது. கலத்தின் தோற்றத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக வைரசின் டிஎன்ஏயை நேரே தேடும் சோதனையை உலக சுகாதார நிறுவனம் 2021இல் முதன்மைப் பரிசோதனையாகப் பரிந்துரைத்தது. 30 வயதிலிருந்து, ஐந்து முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை போதும். மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கவும் முடியும். இலங்கையில் களுத்துறை மாவட்டத்தில் இது பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. குடாநாட்டின் ஒவ்வொரு கிளினிக்குக்கும் இது வர வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு, தீவுகளுக்கு முதலில். அது வரும்வரை கையில் இருக்கிற வழுக்கியை விட்டுவிட ஒரு காரணமும் இல்லை.

2017 முதல் பாடசாலைகளில் ஆறாம் தரத்துச் சிறுமிகளுக்கு இந்த வைரசுக்கு எதிரான தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. வீட்டுக்கு வருகிற ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட அஞ்சாதீர்கள். தடுப்பூசி பெற்ற அந்த முதல் தொகுதிப் பிள்ளைகள் 2041 அளவில் 35 வயதைத் தொடுவார்கள். தடுப்பூசி புற்றை உண்டாக்கும் எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. ஆகவே அவர்களுடைய பெயரும் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவில் ஏறும். அவர்களும் ஒரு காலைநேரம் ஒதுக்கி வரவேண்டியிருக்கும்.